அரசுப் பள்ளியில் படிக்க வைத்தால் கேள்வி கேட்கக் கூடாதா?

நேற்றிலிருந்து நம் ஊர் வாட்ஸப் குழுக்களில் சுற்றும் அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தொடக்கப்பள்ளி வாசலில் நாங்கள் சில அம்மாக்கள் தலைமை ஆசிரியரிடம் பேசியதுதான். நாங்கள் கேட்டது பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். அந்த வீடியோவுக்குக் கீழே குழுவில் ஒருவர் போட்ட பதிலைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "ஓசியில படிக்க வைக்கிறீங்க, சோறும் போடுறாங்க, இதுல கேள்வி வேறயா?"

எது ஓசி? நான் வாங்கும் சோப்புக்கு வரி கட்டுகிறேன். என் வீட்டுக்காரர் வண்டிக்குப் போடும் பெட்ரோலுக்கு வரி கட்டுகிறார். 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை இலவசக் கல்வி பிள்ளையின் உரிமை என்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம்தான் சொல்கிறது. பள்ளி எப்படி நடக்கிறது, வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதுதான் அந்தக் குழுவின் வேலை. அப்படியானால் கேள்வி கேட்பது சட்டம் எங்களுக்குக் கொடுத்த வேலை.

தாழ்ப்பாள் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். என் மகள் மூன்றாம் வகுப்பு. கொஞ்ச நாளாகவே அவள் தண்ணீர் பாட்டில், காலையில் நான் நிரப்பிக் கொடுத்தபடி கழுத்து வரை அப்படியே திரும்பி வந்தது. ஏண்டி குடிக்கலை என்று அதட்டினேன். "குடிச்சா ஒன்னுக்கு வரும்மா. யாராவது வெளிய நின்னு கதவப் பிடிச்சுக்கணும். கதவப் பிடிச்சுக்கிறவ லீவு போட்டா நான் எப்படிப் போறது?" என்றாள். எட்டு வயதுப் பிள்ளை நாள் முழுக்கத் தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதைக் கேட்ட பிறகும் நான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?

ஆசிரியர்களை அவமானப்படுத்திவிட்டோம் என்கிறார்கள். இல்லவே இல்லை. என் மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள் என்றால் அது அந்த டீச்சரின் உழைப்பு. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது கணக்கு. ஐந்து வகுப்பையும் அந்த இரண்டு பேர்தான் இழுக்க வேண்டும். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மொத்தமும் இன்னொருவர் தலையில். அதற்கு நடுவில் பள்ளி, பிள்ளைகள் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு வேறு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

சோறு போடுவதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. அடுத்த ஆண்டே அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. நல்ல திட்டம். விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் என்னைப் போன்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் என் பிள்ளை சாப்பிடும் உப்புமாவுக்குக் கூலியாக அவள் தாழ்ப்பாளில்லாத கழிப்பறைக்குப் போக வேண்டுமா?

பிடிக்கவில்லை என்றால் தனியாரில் சேர்க்க வேண்டியதுதானே என்றும் ஒருவர். சொல்வது யார்? இதே பள்ளியில், இதே வேப்பமரத்தடியில் படித்துவிட்டு, தன் பிள்ளையை வேனில் ஏற்றி அனுப்புகிறவர். அனுப்பட்டும், அது அவர் விருப்பம். ஆனால் உங்களைப் போல நாலு பேரிடம் பேசத் தெரிந்தவர்கள், அதிகாரியைப் பார்க்கத் தெரிந்தவர்கள் எல்லாம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனதால்தானே இங்கே கேட்க ஆளில்லாமல் போனது? மிச்சம் இருக்கிற நாங்கள் கேட்டால் திமிர் என்கிறீர்கள். கல்யாண வீட்டில் "பாப்பா எங்க படிக்கிறா?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் "ஓ, கவர்மெண்ட் ஸ்கூலா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்களே, அது எனக்குப் பழகிவிட்டது. என் மகளுக்கு இப்போதுதான் புரிய ஆரம்பித்திருக்கிறது. அவள் தலைகுனிவதை என்னால் பார்க்க முடியவில்லை. நாங்கள் யாரிடமும் பிச்சைக்கு நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழுக் கூட்டம். குழுவில் இருக்கிற அம்மாக்கள் வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டாவது வாருங்கள். தாழ்ப்பாளையும் தண்ணீர் குழாயையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்வோம். எழுதியதைப் படித்துக் காட்டட்டும், அப்புறம் கையெழுத்துப் போடுவோம்.