எந்தப் பள்ளி?

போன கிழமை மட்டக்களப்பிலிருந்து கல்முனை பஸ்ஸில் போனேன். கல்லடிப் பாலம் தாண்டியதும் பக்கத்தில் இருந்த உம்மா ஒருவர், "பள்ளியடியில இறக்கி உடு மனே" என்றார். முன் சீட்டில் புத்தகப் பையோடு இருந்த சின்னவன் தாயிடம், "இந்த வயசிலயும் படிக்கிறாவா?" என்று கேட்டான். தாய் அவன் தொடையில் கிள்ளினார். உம்மாவுக்குச் சிரிப்பு. கண்டக்டரின் கவலை வேறு: "காத்தான்குடியில எந்தப் பள்ளி உம்மா?"

சின்னவன் கேட்டதில் பிழையில்லை. எங்கள் வீட்டில் பள்ளி என்றால் படிக்கிற இடம், அடுத்த ஊரில் தொழுகிற இடம். ஆனால் சொல்லின் பழைய பொருள் இரண்டுமில்லை, படுக்கை, தங்குமிடம். பெருமாள் பள்ளிகொள்கிறாரே, சிவன் கோயிலில் இரவில் பள்ளியறைப் பூசை நடக்கிறதே, அந்தப் பள்ளிதான். மதுரைக்குப் பக்கத்து மாங்குளத்தில் (நம்ம வன்னி மாங்குளம் இல்லை) சமண முனிவர் தங்கிய குகையின் தமிழ் பிராமிக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயரோடு இந்தச் சொல்லும் இருக்கிறது. வயது 2000 ஆண்டுக்கு மேல். இப்படியான குகைகளில் கல்லிலேயே படுக்கை வெட்டி, தலைமாட்டைத் தலையணைபோல் கொஞ்சம் உயர்த்தி விட்டிருப்பார்கள்.

சமணருக்கு உணவு, மருந்து, அடைக்கலம்போலக் கல்வியும் ஒரு தானம். துறவி படுத்த இடத்திலேயே பிள்ளைகள் போய்ப் படித்ததால் பள்ளிக்கூடம் வந்தது என்பார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. பௌத்தரும் இதே சொல்லை வைத்திருந்தார்கள்: திருகோணமலை வெல்கம் விகாரையைச் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இராஜராஜப் பெரும்பள்ளி என்கின்றன. கேரளத்தில் கிறிஸ்தவர்களின் தேவாலயமும் பள்ளிதான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், அண்மையில் ஒரு பழைய மாணவர் கூட்டத்தில் ஒருவர் "பள்ளிக்கூடம் என்று எழுதாதீங்க, பட்டிக்காட்டுச் சொல்" என்றது. வித்தியாலயத்தோடு எனக்குக் கோபமில்லை. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1929இல் கல்லடியில் தொடங்கியதும் சிவானந்த வித்தியாலயம்தானே. ஆனால் எங்கள் பக்கம் நான் கண்ட பெயர்ப்பலகை எதிலும் பள்ளிக்கூடம் இல்லை. வித்தியாலயம், கல்லூரி, பாடசாலை மட்டும்தான். வெள்ளம் வந்தால் மட்டும் ஊரே "இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையாம்" என்கிறது. வாயில் இருப்பதைத் தாளில் எழுத என்ன கூச்சம்?

சரி, பஸ்ஸுக்கு வருவோம். உம்மா "மெத்தைப் பள்ளி" என்றார். மாடிக்கு இங்கே மெத்தை என்பது பழைய வழக்கம். சின்னவனுக்கு அது தெரியாது போல.

"அங்க படுக்கவும் ஏலுமா?" என்றான். இந்த முறை தாய் கிள்ளவில்லை, அவரும் சிரித்துவிட்டார்.