முத்துக்களைவிட விலை உயர்ந்தவளுக்குப் பத்திரத்தில் இடம் உண்டா?

சபையில் பெண்களின் மதிப்பைப் பற்றிப் பேசவேண்டும் என்றால் பைபிளின் நீதிமொழிகள் 31-ஐத்தான் எடுப்பார்கள். பெண்கள் ஞாயிறு, கல்யாண வாழ்த்து, அடக்க ஆராதனை, எதுவானாலும் அதே அதிகாரம். "குணசாலியான ஸ்திரீயைக் கண்டுபிடிப்பவன் யார்? அவளுடைய விலை முத்துக்களைப்பார்க்கிலும் உயர்ந்தது." இருட்டோடே எழுந்திருக்கிறாள், ராத்திரியிலும் அவள் விளக்கு அணையாது என்பதையெல்லாம் அரை மணி நேரம் விரித்துச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களில் பாதிப் பேருக்குத் தூக்கம் போதாது என்பது வேறு கதை. 16-ஆம் வசனத்தில் அதே பெண் ஒரு வயலை விசாரித்து வாங்குகிறாள், தன் சம்பாத்தியத்தில் திராட்சத்தோட்டம் போடுகிறாள். அந்த இடம் வந்ததும் பிரசங்கத்துக்கு வேகம் பிடித்துவிடும்.

வேதத்தில் பெண்ணின் இடம் என்ன என்ற சண்டையை நாம் பெரும்பாலும் பிரசங்க பீடத்தைச் சுற்றியே போட்டுக்கொண்டிருக்கிறோம். பெண் போதகராகலாமா, பெண் உபதேசிக்கக் கூடாது என்று 1 தீமோத்தேயு 2-ல் பவுல் சொன்னது எல்லாக் காலத்துக்குமா என்று. முக்கியமான விவாதம்தான், மறுக்கவில்லை. தென்னிந்தியத் திருச்சபையில் 2013-ல் ஒரு பெண் பேராயரே வந்துவிட்டார். ஆனால் நிலம், வீடு, பங்கு என்று வந்தால் இரண்டு கட்சியும் ஒரே மாதிரி அமைதியாகிவிடும். வேதம் அமைதியாக இல்லை.

எண்ணாகமம் 27-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். செலொப்பியாத்துக்கு மகன்கள் இல்லை. ஐந்து மகள்கள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். அப்பா வனாந்தரத்தில் இறந்துபோகிறார். நிலம் பங்கிடப் போகிறார்கள். இந்த ஐந்து பேரும் ஆசரிப்புக் கூடார வாசலில், மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபை முழுவதற்கும் முன்னால் வந்து நிற்கிறார்கள். மகன் இல்லை என்பதற்காக எங்கள் அப்பா பேர் அற்றுப்போகவேண்டுமா, அவருடைய சகோதரர்கள் நடுவில் எங்களுக்கும் காணி கொடுங்கள் என்கிறார்கள். மோசேயிடம் பதில் இல்லை. கர்த்தரிடம் கொண்டுபோகிறார். அந்தப் பெண்கள் சொல்வது சரி என்கிறார் கர்த்தர். அதோடு விடவில்லை, அதையே இஸ்ரவேலுக்குப் பொதுச் சட்டமாக்குகிறார்.

இது முழு வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். மகன் இல்லாவிட்டால்தான் மகளுக்குப் பங்கு. 36-ஆம் அதிகாரத்தில் கோத்திரத்துத் தலைவர்கள் வந்து, இவர்கள் வெளியே கட்டிக்கொண்டால் நிலம் வேறு கோத்திரத்துக்குப் போய்விடுமே என்று முறையிடுகிறார்கள். சொந்தக் கோத்திரத்துக்குள்தான் கல்யாணம் என்று முடிவாகிறது. யோசுவா 17-ல் பார்த்தால், நிலம் பங்கிடும் சமயத்தில் இவர்கள் மறுபடியும் போய் நின்று, மோசேக்குக் கர்த்தர் கட்டளையிட்டாரே என்று ஞாபகப்படுத்துகிறார்கள். கர்த்தரே உத்தரவு போட்டும் இரண்டாவது தடவை நடக்கவேண்டியிருந்தது. தாலுகா ஆபீசுக்கு அலைந்தவர்களுக்கு இது புரியும்.

சூனேம் ஊர்ப் பெண்ணைக் கேட்டால், எலிசா தீர்க்கதரிசி அவள் மகனை உயிரோடு எழுப்பினான் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளையும் சொல்லும். 2 இராஜாக்கள் 8-ல் அவள் திரும்ப வருவது எத்தனை பேருக்குத் தெரியும்? பஞ்சத்துக்காக ஏழு வருஷம் பெலிஸ்தர் தேசத்தில் இருந்துவிட்டுத் திரும்புகிறாள். தன் வீட்டுக்காகவும் வயலுக்காகவும் ராஜாவிடமே நேராகப் போய் முறையிடுகிறாள். ராஜா ஒரு அதிகாரியை அமர்த்தி, அவளுடையதை எல்லாம் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறான். அவள் ஊரைவிட்டுப் போன நாளிலிருந்து வயலில் விளைந்த வருமானத்தையும் சேர்த்து.

அப்புறம் காணிக்கைப் பிரசங்கத்தின் நாயகி, இரண்டு காசு போட்ட ஏழை விதவை. அந்தக் கதை மாற்கு 12:41-ல் ஆரம்பிக்கிறது. அதற்குச் சற்று முன்னால், 40-ஆம் வசனத்தில், விதவைகளின் வீடுகளைப் பட்சித்துவிட்டுப் பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களை இயேசு கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால் காணிக்கைப் பை சுற்றிவருவது கொஞ்சம் சங்கடமாகிவிடும். அதனால் 41-லிருந்தே வாசிக்கிறோம்.

நம் பக்கத்துக்கு வருவோம். இன்றைய குமரி மாவட்டமும் தென் கேரளமும் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. 1916-ல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. விதவைக்கு ஆயுள் உரிமை மட்டும், மறுமணம் செய்தால் அதுவும் போயிற்று. சில வகுப்பாருக்கு விலக்கு இருந்தது. இந்தச் சட்டம் இனி செல்லாது, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று குமரி மாவட்ட வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம் முன்னமே சொல்லியிருந்தது. கேரளத்தில் அதை வாங்கித் தர மேரி ராய் என்ற கிறிஸ்தவப் பெண் உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. 1986-ல் தீர்ப்பு வந்தது. வேதத்தை மடியில் வைத்து வளர்ந்த ஒரு சமூகத்தில் மகளின் பங்குக்கு நீதிமன்றம்தான் எண்ணாகமம் 27-ஐ வாசித்துக் காட்டியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்றைக்குச் சட்டம் தெளிவு. உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வித்தியாசமில்லை. நடப்பது என்ன? அப்பா அடக்கம் முடிந்து சில நாளில், மகள் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரம் தயாராகிவிடும். "உனக்குத்தான் நகை போட்டுச் செய்தாச்சே" என்பார் பெரியப்பா. தங்கச்சி கையெழுத்துப் போடுவாள். பத்திரப் பதிவுக்கு முன்னால் ஜெபம் பண்ணுவதும் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். தன் பங்கைத் தெரிந்து, மனசார விட்டுக்கொடுக்கும் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. தனக்குப் பங்கு உண்டு என்பதே தெரியாமல் கையெழுத்துப் போடுவதைத்தான் சொல்கிறேன்.

பங்கு கேட்டால் அண்ணன் தம்பி உறவு போய்விடும், பெண் பிள்ளைக்குப் பிறந்த வீடு இல்லாமல் ஆகிவிடும் என்பார்கள். பயம் உண்மையானதுதான். ஆனால் அந்த உறவைக் காப்பாற்றும் பொறுப்பு எப்போதும் கேட்கிறவள் தலையில் மட்டும் ஏன்? யோபுவின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். ஏழு மகன்கள் இருக்கிறார்கள், ஒருவர் பேரும் எழுதப்படவில்லை. மூன்று மகள்கள் பேரும் இருக்கிறது: எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். அப்பா உயிரோடு இருக்கும்போதே, யாரும் கேட்காமலே, சகோதரர் நடுவில் அவர்களுக்கும் சுதந்தரம், அதாவது சொத்தில் பங்கு, கொடுக்கிறார். அதற்குப் பிறகு 140 வருஷம் வாழ்ந்து நாலு தலைமுறை பார்த்தார் என்று இருக்கிறது. மகன்கள் கோபித்துக்கொண்டு போனதாக ஒரு வரியும் இல்லை.