விலையை மேடையில்தான் சொல்வார்களாம்

அறிமுக விழாவில் சொன்ன விலைக்கே கிராபிக்ஸ் கார்டு வாங்கியவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள், பார்ப்போம். கடையில் கேட்டால், "அந்த விலைக்கெல்லாம் ஸ்டாக்கே வராது சார்" என்று சிரிக்கிறார்கள். உடனே நமக்கு யார்மேல் கோபம்? பெட்டியில் பெயர் போட்டிருக்கும் ஆசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட் மேல். அவர்களும் உத்தமர்கள் இல்லைதான். ஆனால் பிடி யார் கையில் இருக்கிறது? கார்டின் மூளையான சிப்பை இவர்களுக்கு விற்கும் என்விடியா கையில்.

என்விடியா சிப்பை வாங்கி கார்டு செய்துவந்த ஈவிஜிஏ கம்பெனி 2022 செப்டம்பரில் சொன்னதைக் கேட்டால் வயிறு எரியும். கார்டைத் தயாரிக்கும் கம்பெனிக்கே அதை என்ன விலைக்கு விற்பது என்று முன்கூட்டித் தெரியாதாம். என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையேறி அறிவிக்கும்போது நம்மோடு சேர்ந்து அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டுமாம். என்ன வியாபாரமய்யா இது! போதாக்குறைக்கு என்விடியாவே 'ஃபவுண்டர்ஸ் எடிஷன்' என்று சொந்தக் கார்டை இறக்கி, தன்னிடம் சிப் வாங்குபவர்களோடு போட்டிக்கு நிற்கும். 2022 மார்ச்சில் 1,999 டாலருக்கு வந்த அதன் 3090 டிஐ கார்டு, சில மாதங்களிலேயே 1,099 டாலருக்கு இறங்கியது. பழைய விலைக்குச் சிப் வாங்கி வைத்தவன் நட்டத்தை எங்கே போய்க் கொட்டுவான்? வருமானத்தில் சுமார் 80 சதவீதம் கிராபிக்ஸ் கார்டிலிருந்தே வந்தும், போதுமடா சாமி என்று ஈவிஜிஏ கார்டு தொழிலுக்கே கும்பிடு போட்டுவிட்டது. போட்டிச் சிப் கம்பெனியான ஏஎம்டி பக்கமும் போகவில்லை.

அடுத்த மாதமே இன்னொரு கூத்து. 12 ஜிபி 4080 என்ற கார்டை என்விடியா அறிவித்துவிட்டு, பெயர் குழப்புகிறது என்று ஊரே திட்டியதும் அதை ரத்து செய்தார்கள். அதே சரக்கு 2023 ஜனவரியில் 4070 டிஐ ஆக வந்தது. பழைய பெயரில் பெட்டி அச்சடித்து வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

கார்டு கம்பெனிகளுக்கென்று 2018-இல் என்விடியா கொண்டுவந்த 'ஜிஃபோர்ஸ் பார்ட்னர் புரோகிராம்' இதைவிட அநியாயம். உன் கேமிங் பிராண்டில் எங்கள் சிப் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம் என்று செய்தி வெளியானது. ஆசுஸ் பயந்துபோய் ஏஎம்டி கார்டுகளுக்கு 'அரெஸ்' என்று தனிப்பெயரே வைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மே மாதம் என்விடியா பின்வாங்கியது, அதுவும் தங்களைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்ற தோரணையில்.

கூட்டாளியை மதிக்காதவன் கதி என்னவென்று என்விடியாவுக்குத் தெரியாதா? கார்டு செய்யும் எஸ்டிபியை வாங்குவதாக 1998-இல் அறிவித்து, இனி கார்டும் நாங்களே செய்வோம் என்று அன்றைய சிப் கம்பெனியான 3டிஎஃப்எக்ஸ் மற்ற கார்டு கம்பெனிகளைக் கைவிட்டது. அதில் ஆதாயம் அடைந்ததே என்விடியாதான். 2000-ஆம் ஆண்டு முடிவில் 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளையே வாங்கிக்கொண்டது. அன்று கார்டு கம்பெனிகள் கோபித்துக்கொண்டு போக இன்னொரு வாசல் இருந்தது. 2025-இன் இரண்டாம் காலாண்டில் தனிக் கார்டுகளில் என்விடியாவின் பங்கு 94 சதவீதம் என்கிறது சந்தை ஆய்வு நிறுவனமான ஜான் பெடி ரிசர்ச். மிச்சமிருக்கும் 6 சதவீதத்தை நம்பி எந்தக் கம்பெனி இவர்களை முறைத்துக்கொள்ளும்?