பூதக்கண்ணாடிக்காரன் பேசுகிறேன்

சனிக்கிழமை ஒரு கடல்நீர் மீன் தொட்டியில் நடந்ததைப் பற்றி நான் ஏன் இன்னும் வாய் திறக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். "பூதக்கண்ணாடிக்காரன் எங்கே, ஆளையே காணோமே?" என்ற கேலியைப் பார்த்த பிறகு அந்த வைராக்கியம் போய்விட்டது. இதோ வந்துவிட்டேன்.

என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கண்ணாடியில் வெள்ளையாக எதுவோ ஊர்ந்தது. மீன் வளர்ப்பில் நமக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் வந்தார், இரண்டடி தள்ளி நின்று பார்த்தார், "ஒட்டுண்ணி, தம்பி. இன்றைக்கே செப்பு மருந்து ஊற்றாவிட்டால் ஒரு மீனும் மிஞ்சாது" என்றார். ஊற்றினார்கள். விடிந்து பார்த்தால் இறால்கள் இல்லை, நத்தைகள் இல்லை. பாறைக்குள் ஒளிந்திருந்த முட்புழுக்கள் வெளியே வந்து செத்துக் கிடந்தன. செத்தவை அழுகி அம்மோனியா ஏறியதும், எந்த மீன்களைக் காப்பாற்ற மருந்து ஊற்றினார்களோ அதே மீன்கள் மேற்பரப்பில் வந்து மூச்சு வாங்கின. "ஒட்டுண்ணி அவ்வளவு முற்றிப்போயிருக்கிறது, பார்த்தீர்களா?" என்றார் மூத்தவர். இந்தத் தன்னம்பிக்கை எனக்கு வாய்க்கவில்லையே என்று பொறாமையாகக்கூட இருக்கிறது.

நான் அன்றைக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். முதலில் அது என்னவென்று பாருங்கள், மருந்தை நாளைக்கும் ஊற்றலாம். அதற்குத்தான் சிரித்தார்கள்.

நான் பார்த்தேன். கிட்டப் போய், டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோபிபாட்கள். இறால், நண்டு வகையைச் சேர்ந்த, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஓட்டுடலிகள். முன்பக்கம் அகன்று, பின்பக்கம் ஒடுங்கி, இரட்டை வால் போல முடிகிற உடல். கொஞ்ச தூரம் ஊரும், நிற்கும், சட்டென்று ஒரு தாவல் தாவும். அந்தத் தாவலை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு வேறெதோடும் குழப்பிக்கொள்ள முடியாது. தலையின் நடுவில் ஒற்றைக் கண், பல வகைகளில் சிவப்பாக. பெண் உயிரி வயிற்றின் பின்பகுதியில் முட்டைப்பையைத் தூக்கிக்கொண்டே அலையும். கண்ணாடியில் படிந்த பாசியையும் நுண்ணுயிர்ப் படலத்தையும் மேய்வதுதான் இவற்றின் வேலை. இப்படிக் கண்ணாடி நிறைய இருந்தால் தொட்டி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதைத்தான் நோய் என்றார்கள்.

உடனே ஒருவர் வருவார்: "கோபிபாட்களிலேயே ஒட்டுண்ணிகள் உண்டே, தெரியாதா?" தெரியும் ஐயா. சால்மன் மீனைத் தின்னும் கடல்பேனும் கோபிபாட் குடும்பத்து ஆள்தான். ஆனால் அதைத் தேட வேண்டிய இடம் மீனின் தோல். அந்தத் தொட்டியின் மீன்கள் உடலைப் பாறையில் உரசவில்லை, தீனியை மறுக்கவில்லை, செவுளை வேகமாக அடிக்கவில்லை. மீனை யார் பார்த்தார்கள்? எல்லோரும் கண்ணாடியைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்கள்.

இன்னொருவர் வெண்புள்ளி நோயைக் கொண்டுவருவார். இந்த ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் கேட்பவர் கொஞ்சமாவது படித்திருக்கிறார். கிரிப்டோகாரியான் என்ற அந்த ஒட்டுண்ணி மீனைவிட்டு இறங்கிய பின் ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொள்ளும். அதற்குள்ளேயே பிரிந்து பெருகி, அடுத்த மீனைத் தேடும் குஞ்சுகளை வெளியே விடும். அந்த உறை கண்ணாடியிலும் ஒட்டலாம். ஆனால் அது நடக்காது. தாவாது. முட்டைப்பை சுமக்காது. கண்ணாடியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைக் காட்டி வெண்புள்ளி என்று சொல்பவருக்கு அந்த நோயும் தெரியாது, ஓடுகிற உயிரியும் தெரியாது. அது உண்மையிலேயே அந்த நோயாக இருந்தாலும் செப்பு மருந்து பிரதானத் தொட்டிக்கு உரியதல்ல. மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றி, செப்பு அயனி ஒரு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை இருக்கும்படி அளந்து அளந்து பிடித்துவைக்க வேண்டிய சிகிச்சை அது. மீன் தாங்கும் அந்த அளவை இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது. போதாக்குறைக்குப் பாறையும் மணலும் செப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும். அந்தத் தொட்டியில் இனி இறால் விட வேண்டும் என்றால் பாறையையும் மணலையும் தூக்கிப் போட வேண்டியிருக்கும். மூத்தவர் வந்து புதுப் பாறை அடுக்கித் தருவாரா?

கெட்டவை இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. நான் சொல்லாததை என் வாயில் திணிப்பதில் சிலர் கெட்டிக்காரர்கள், அதனால் இதையும் சொல்லிவைக்கிறேன். துருச் சிவப்பு நிறத்தில், பின்முனை மூன்றாகப் பிரிந்து, வெளிச்சம் படுகிற இடத்தில் கூட்டமாகப் படரும் தட்டைப்புழு வந்தால் நானும் கவலைப்படுவேன். (அதை இப்போது விஞ்ஞானிகள் தட்டைப்புழுக்களோடு சேர்ப்பதில்லை, தனித் தொகுதிக்கு மாற்றிவிட்டார்கள். நமக்கு இன்னும் தட்டைப்புழுதான்.) அது மொத்தமாகச் செத்தால் நஞ்சு நீரில் கலக்கும். அதனால்தான் முதலில் குழாய் வைத்து முடிந்த அளவு உறிஞ்சி எடுத்துவிட்டு, நஞ்சை உறிஞ்சக் கரியும் கையில் வைத்துக்கொண்டு, பிறகு மருந்தைப் பற்றி யோசிக்கிறோம். பெரிய கண்களோடு வேகமாக நீந்திப் போய் மீனின் உடலில் தொற்றிக்கொண்டு ரத்தம் குடிக்கும் ஐசோபாட் என்ற ஓட்டுடலி வந்தாலும் கவலைதான். ஆனால் அதே ஐசோபாட் இனத்தில் குட்டிச் சிலந்தி போலக் கால் பரப்பிக்கொண்டு கண்ணாடியில் நடக்கும், யாருக்கும் கெடுதல் செய்யாத வகையும் உண்டு. நத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டையாக, சின்ன மூடியோடு, இரவில் கண்ணாடி ஏறும் கொலோனிஸ்டா பாசி தின்று பிழைக்கிறது. நீண்டு கூம்பிய வெள்ளைப் பிரமிடெல்லிட் நத்தை, ராட்சதச் சிப்பியின் சாற்றை உறிஞ்சிப் பிழைக்கிறது. இரண்டும் சில மில்லிமீட்டர்தான், இரண்டும் தூரத்திலிருந்து வெள்ளைப் புள்ளிதான். இரண்டடி தள்ளி நின்றால் எப்படித் தெரியும்? அதனால்தான் பாருங்கள் என்கிறேன். திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று சலிப்பாக இருந்தால், திரும்பத் திரும்ப மருந்தையே ஊற்றுகிறவர்களிடம் போய்ச் சலித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைச் சுருள்களைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அடுத்த பீதி அதுவாகத்தான் இருக்கும். கண்ணாடியில், மோட்டாரில், குழாயில் எல்லாம் ஒட்டியிருக்கும், ஓரிரு மில்லிமீட்டர் அகலச் சுண்ணாம்புச் சுருள். அது நத்தை முட்டை அல்ல. ஸ்பைரார்பிட் என்ற குழாய்ப்புழு. நகராது. நீரை வடிகட்டித் தின்னும். உற்றுப் பார்த்தால் சுருளின் வாயில் குட்டி விசிறி விரியும். பிடிக்காவிட்டால் சுரண்டி எடுங்கள், ஆனால் தயவுசெய்து எதையும் ஊற்றாதீர்கள்.

"எங்களுக்கு இதற்கெல்லாம் நேரம் இல்லை" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. உப்பு அளக்க நேரம் இருக்கிறது, விளக்கின் நிறத்தைக் கூட்டிக் குறைக்க நேரம் இருக்கிறது, தொட்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள நேரம் இருக்கிறது.

இவர்களுக்குத் தொட்டி அல்ல, பளபளக்கும் கண்ணாடி வேண்டும். தினமும் சுரண்டுவார்கள். பிறகு ஆசையாக ஒரு மாண்டரின் மீன் வாங்கிவிடுவார்கள். அது நாள் முழுவதும் பாறையையும் மணலையும் கொத்திக்கொண்டு கோபிபாட்களைத் தின்று வாழ்கிற மீன். உலர்தீனியைப் பெரும்பாலும் தொடாது. அதன் சாப்பாட்டை எல்லாம் துடைத்து எடுத்துவிட்டு, வயிறு ஒட்டிப்போன பிறகு "இந்த மீன் ராசியில்லை" என்று சொல்லிக்கொள்வார்கள்.

"நீ என்ன விலங்கியல் படித்தவனா?" இது அன்றைக்கு என் முகத்துக்கு நேராகக் கேட்கப்பட்டது. இல்லை, படிக்கவில்லை. தானே செய்த நுண்ணோக்கியால் பார்த்த லேவன்ஹுக்கும் படிக்கவில்லை, டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி. 1676இல் அவர் தண்ணீரில் கண்ட சிற்றுயிர்களைப் பற்றி எழுதியபோது லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் முதலில் நம்பவில்லை. மறு ஆண்டு அந்தச் சங்கத்து ராபர்ட் ஹூக் தானும் பார்த்துக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். என்னை அவரோடு ஒப்பிடுகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். சந்தேகம் வந்தபோது அவர்கள் குனிந்து பார்த்தார்கள் என்பதற்காகச் சொன்னேன். நம்மிடம் சந்தேகம் வந்தால் பார்க்கச் சொன்னவனைப் பார்த்துச் சிரிப்பதுதான் வழக்கமாக இருக்கிறது.

கேலியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வேறொன்று இருக்கிறது, இதுவரை எழுதியதில்லை. முன்பு என் தொட்டிக் கண்ணாடியில் குட்டிக் குட்டி நட்சத்திரங்கள் போல ஏதோ ஒட்டியிருந்தன. அம்மாவிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நீந்தவில்லையடா, கை ஊன்றி நடக்கிறது" என்றார். சரியாகச் சொன்னார். ஊர்ந்து திரியும் ஹைட்ராய்டு ஜெல்லிமீன் அது. ஒவ்வொரு உணர்கொம்பும் இரண்டாகக் கிளைக்கும். ஒரு கிளை ஒட்டிக்கொள்ள, மற்றது கொட்ட. திடீரென்று பெருகின, கொஞ்ச காலத்தில் தாமாகவே குறைந்து காணாமல் போயின. அன்றைக்கும் மூத்தவர் மருந்து ஊற்றத்தான் சொன்னார். நான் ஊற்றவில்லை, காணொளி எடுத்தேன். அதைக் கேட்டு வாங்கிப் போன மூத்தவர், பிறகு பலரிடம் "என் தொட்டியில் வந்தது" என்று காட்டியிருக்கிறார். என் அம்மாவின் குரல்கூட அதில் இருக்கிறது. அதையாவது வெட்டியிருக்கலாம்.

ஆமாம், இதற்கும் சனிக்கிழமைக்கும் சம்பந்தம் இல்லைதான். இருக்கட்டும். தொட்டிக்குச் சொந்தக்காரர் என் பழைய நண்பர். "நீ வந்து குழப்பாமல் இருந்திருந்தால் மருந்தை இன்னும் சீக்கிரம் ஊற்றியிருப்போம், காப்பாற்றியிருக்கலாம்" என்று என்னிடமே சொன்னார். அதற்கு நான் எதுவும் சொல்லவில்லை. இறால்களை இழந்தவரிடம் என்னத்தைப் பேசுவது? அதன் பிறகு தொலைபேசியையும் எடுப்பதில்லை. மூத்தவரின் அழைப்பை எடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நல்லது.

யார் கேட்டாலும் பார்த்துச் சொல்கிறேன், அதில் மாற்றம் இல்லை. அசையாத படத்தை அனுப்பாமல் காணொளி அனுப்புங்கள். பாதி உயிரிகளை நடையை வைத்துத்தான் சொல்ல முடியும். பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். பகலில் பார்க்காத கூட்டம் அப்போதுதான் வெளியே வரும். பிடிபடாவிட்டால் ஒன்றை உறிஞ்சிச் சொட்டு நீரில் விட்டுக் கைபேசியின் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இந்தப் பதிவுக்காக என்னோடு சண்டைக்கு வருகிறவர்களும் வரலாம். அதற்கு முன் கண்ணாடியில் ஓடுகிற அந்த ஒன்றுக்குக் கண் எத்தனை என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.