அந்த ஸ்பீக்கரை அணைத்துத் தொலையுங்கள்

போர்னியோ மழைக்காட்டுக்குப் பறவை பார்க்கப் போகிறேன் என்றால் எல்லாரும் அட்டையைப் பற்றித்தான் எச்சரிக்கிறார்கள். அட்டை கடித்தால் கொஞ்சம் ரத்தம் போகும், அவ்வளவுதான். மழை பெய்தால் நனையலாம், லென்சுக்குள் பூஞ்சை பிடித்தால் பணம் கொடுத்துத் துடைக்கலாம். என்னைக் கொதிக்க வைப்பது கைடின் இடுப்புப் பட்டையில் தொங்குகிற அந்த உள்ளங்கை அளவு ப்ளூடூத் ஸ்பீக்கர். இத்தனை கடல் தாண்டி, மலேசியாவின் சபா மாநிலத்து லஹாட் டத்துவில் இறங்கி, அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் மண்சாலையில் குலுங்கிக் குலுங்கி டானம் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே காது நிறையக் கேட்பது கைபேசியில் பதிந்து வைத்த பறவையின் குரல்!

டானம் என்றால் சும்மா இல்லை. சுமார் 438 சதுர கிலோமீட்டர் காடு, மரம் வெட்டுகிறவர்களின் கை படாமல் தப்பியது. நூறு மீட்டருக்கு மேல் வளர்ந்த மெராந்தி மரம் ஒன்று அங்கேதான் இருக்கிறது, 2019இல் அளந்து சொன்னார்கள். அப்படிப்பட்ட காட்டில் விடியற்காலையில் நின்றால் முதலில் கிப்பன் குரங்குகள் கூவும், அப்புறம் குக்குறுவான்கள் ஆரம்பிக்கும், எங்கேயோ உச்சியில் இருவாச்சி சிறகடிக்கும் சத்தம் ரயில் மூச்சு விடுவது மாதிரிக் கேட்கும். இதைக் கேட்க வந்த எனக்குப் பக்கத்தில் நிற்கிறவர் கைடைப் பார்த்து, "போடுங்க, போடுங்க" என்கிறார்.

போடுவது நீலத்தலைப் பிட்டாவின் குரலை. நம் ஊருக்குக் குளிர்காலத்தில் வருகிற ஆறுமணிக் குருவிக்கு உறவுக்காரப் பறவை இது. போர்னியோவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஆணுக்குப் பளபளக்கும் நீலத் தலை, கருஞ்சிவப்பு முதுகு. தரையில் இலைச்சருகுக்குள் துள்ளித் துள்ளிப் புழு தேடும் கூச்சக்காரப் பிறவி. அதன் இடத்தில் நின்றுகொண்டு அதே இனத்து ஆணின் குரலை ஒலிக்கவிட்டால் அது பதறி வருகிறது. நாம் அதைப் "பறவை அழகாகப் பதில் சொல்கிறது" என்று ரசிக்கிறோம். பதிலா அது? உங்கள் வீட்டு வாசலில் தினமும் காலையில் எவனோ ஒருவன் வந்து "இது என் வீடு, வெளியே போடா" என்று கத்தினால் நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருவீர்கள் அல்லவா, அதுதான் அது. இரை தேடுவதை விட்டுவிட்டு, கூட்டை விட்டுவிட்டு வந்து பார்க்கிறது, எதிரியைக் காணோம். திரும்பிப் போகிறது. மறுபடி குரல்.

போன முறை நான் சேர்ந்த குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். பிட்டா வந்தது. ஒரு சாய்ந்த மரத்தண்டில் ஏறி நின்றது, எல்லாரும் கண்ணாரப் பார்த்தோம். சரி, முடிந்தது, நகரலாம் என்று பார்த்தால், ஒருவருக்குக் கொடி ஒன்று குறுக்கே வந்து படம் கெட்டுவிட்டதாம். மறுபடி போட்டார் கைடு. வந்தது. இப்போது இன்னொருவருக்கு முதுகு மட்டும்தான் கிடைத்தது, மார்பு வேண்டுமாம். மறுபடி. அதற்குள் அந்த ஆண் குரல் கொடுத்துக்கொண்டே எங்களைச் சுற்றிச் சுற்றி வட்டமடிக்க ஆரம்பித்துவிட்டது. போதும் என்று நான் சொன்னதற்கு, "இவ்வளவு காசு கொடுத்து வந்திருக்கோம் சார்" என்று ஒருவர். அடுத்த வளைவில் வேறொரு குழு தன் முறைக்காகக் காத்து நிற்கிறது, அவர்கள் கையிலும் ஸ்பீக்கர். அதே பறவை. அதே எல்லை. மழை கொஞ்சம் குறைகிற மாதங்களில்தான் சுற்றுலாக் கூட்டம் வருகிறது, பல பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதும் கிட்டத்தட்ட அதே மாதங்களில்தான்.

"இதனால் பறவைக்கு ஒன்றும் ஆகாது, நிரூபணம் இருக்கிறதா?" என்று ஒரு கூட்டம் சண்டைக்கு வரும். 2013இல் ஈக்வடார் மலைக்காட்டில் இதையே சோதித்துப் பார்த்து ஓர் ஆய்வு வந்தது. பறவை நோக்குபவர்கள் போடுவது மாதிரியே தினமும் குரலைப் போட்டுப் பார்த்தார்கள். அங்கிருந்த ஒரு வகைக் குருவி முதலில் வழக்கத்தைவிட மிக அதிகமாகப் பாடித் தீர்த்தது, பன்னிரண்டு நாளில் அலுத்துப்போய்ப் பதில் கொடுப்பதைப் பெரும்பாலும் குறைத்துக்கொண்டது. கூடு அழிந்தது, குஞ்சு செத்தது என்றெல்லாம் அந்த ஆய்வு சொல்லவில்லை, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் தன் எல்லையில் கேட்கும் குரலையே ஒரு பறவை நம்பாமல் போகிற அளவுக்கு நாம் அதைப் பழக்கிவிடுகிறோம் என்றால், அது போதாதா சார் உங்களுக்கு?

கினபத்தாங்கான் ஆற்றில் இதே கதை படகில் நடக்கிறது. ஆற்றங்கரைக் காட்டின் தரையில் நடக்கிற போர்னியோ தரைக்குயிலைப் பார்ப்பது எவருக்கும் பெரிய கனவு. எனக்கும்தான். அதற்காக ஒரு சின்ன ஓடை வாய்க்குள் படகுகள் வரிசையாக நின்று, ஒன்று போட்டு முடித்ததும் அடுத்தது போடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சத்தம் வரக் கூடாது என்று மின் மோட்டார் மாட்டியிருக்கும் நல்ல படகிலும் ஸ்பீக்கர் அலறுகிறது, இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல.

செபிலோக்கில் வேறு வகை. அங்கே மரஉச்சி நடைபாலம் இருக்கிறது, தரையிலிருந்து 25 மீட்டருக்கு மேல். பிரிஸ்டில்ஹெட் என்கிற செந்தலைப் பறவையைத் தேடி எல்லாரும் அங்கே ஏறுகிறார்கள். அது ஒரு பறவைக் குடும்பத்துக்கே ஒற்றை வாரிசு, அதுவும் போர்னியோவில் மட்டும். கூட்டமாகச் சத்தம் போட்டபடி பெரிய பரப்பில் அலைந்துகொண்டே இருக்கும், வந்தால் வரும், வராவிட்டால் வராது. கைடிடம் ஒருவர் கேட்டார், "எத்தனை மணிக்கு வரும்?" என்று. பேருந்தா அது?

கைடுகளை மட்டும் திட்டினால் நான் நியாயமில்லாதவன். அந்த ஊர்ப் பையன்களின் காது இருக்கிறதே, அப்பப்பா. நான் வெறும் இலை அசைவு என்று நினைக்கிற இடத்தில் சிலம்பன் இனத்தை அவர்கள் பெயர் சொல்லி அழைப்பார்கள். ஸ்பீக்கர் இல்லாமலே தீக்காக்கை என்கிற பறவையை மரக்கிளையில் காட்டித் தரத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆனால் பயண நிறுவனம் முதல் நாளே ஒரு பட்டியலைக் கையில் கொடுத்துவிடுகிறது. கினபாலு மலையில் ஒயிட்ஹெட் என்கிற பறவை ஆய்வாளரின் பெயர் கொண்ட மூன்று பறவைகளும், அதாவது அந்தத் தீக்காக்கை, அகலவாயன், சிலந்திபிடிப்பான் மூன்றும், இரண்டே நாளில் வாடிக்கையாளர் கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் ஊருக்குப் போய் ஒரு நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதுவார்கள், டிப்ஸ் குறையும், அடுத்த சீசனில் கூப்பிட மாட்டார்கள். அந்தப் பையன் என்ன செய்வான்? ஸ்பீக்கரை எடுக்கிறான். அழுத்துகிற விரல் அவனுடையது, அழுத்தச் சொல்கிற வாய் நம்முடையது.

இதில் எனக்கு வயிற்றைக் கலக்குகிற விஷயம் ஒன்று உண்டு. தென்கிழக்கு ஆசியாவில் கூண்டுப் பறவை வியாபாரத்துக்காகப் பறவை பிடிக்கிறவர்களும் இதே உத்தியைத்தான் பயன்படுத்துகிறார்கள்: பதிந்த குரலைப் போடு, ஆத்திரத்தில் வருகிற ஆணைப் பசையிலோ வலையிலோ பிடி. இனிமையாகப் பாடியதே குற்றமாகி, வைக்கோல்தலைச் சின்னான் ஜாவாவில் காட்டில் இல்லாமலே போய்விட்டது. 2018இல் அதை மிக ஆபத்தான நிலை என்று அறிவித்தார்கள். பறவைக் குரல்களைச் சேர்த்து வைக்கிற இணையத் தளத்திலேயே, இப்படி ஆபத்தில் இருக்கிற சில இனங்களின் பதிவுகளை யாரும் கேட்க முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். அவர்கள் பூட்டுகிறார்கள், நாம் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அலைகிறோம்.

தலைக்கவச இருவாச்சியின் குரலைக் கேட்டிருக்கிறீர்களா? ஒவ்வொன்றாக "ஹூ... ஹூ..." என்று ஆரம்பித்து, வேகம் கூடிக் கூடி, கடைசியில் பைத்தியம் பிடித்த மாதிரிச் சிரித்து முடிக்கும். மாமியார் வீட்டுத் தூண்களைக் கோடரியால் வெட்டிச் சாய்த்துவிட்டுச் சிரித்த மருமகன்தான் இந்தப் பறவையாகிவிட்டான் என்று மலாய்க்காரர்கள் கதை சொல்வார்கள் (எந்த மருமகன் சொன்ன கதையோ). அதன் தலைமேல் இருக்கிற கெட்டியான கொண்டையைத் தந்தம் மாதிரிச் செதுக்குவதற்காக வேட்டையாடி, 2015இல் அதுவும் அழிவின் விளிம்புக்குப் போய்விட்டது. அந்தச் சிரிப்பு தூரத்து மலைச்சரிவிலிருந்து தானாகக் கேட்டபோது எங்கள் குழுவில் ஒருவர் செய்த முதல் காரியம், கைபேசியில் அதன் குரலைத் தேடியதுதான். உயிரோடு இருக்கிற ஒன்று அங்கே கத்திக்கொண்டிருக்கிறது, இவர் திரையைத் தடவிக்கொண்டிருக்கிறார்!

ஸ்பீக்கர் இல்லாமல் கூட்டிப்போக முடியுமா என்று ஒரு நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டேன். "முடியும், ஆனால் எந்தப் பறவைக்கும் உத்தரவாதம் இல்லை" என்று பதில் வந்தது. காட்டுப் பறவைக்கு உத்தரவாதம் கொடுக்க நீ யாரப்பா? சபாவில் அப்படிக் கூட்டிப்போகிற கைடு யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். அதே பணம் கொடுக்கிறேன், கூடுதலாகவே கொடுக்கிறேன். பட்டியலில் பாதி காலியாக இருந்தாலும் நட்சத்திரத்தில் ஒன்றைக்கூடக் குறைக்க மாட்டேன்.