கேசியைத் தோற்கவிடுங்கள்

‘கேசி அட் தி பேட்’ என்ற பேஸ்பால் கவிதைக்குப் படம் வரைந்து குழந்தைகளுக்காக வெளியிட்ட புத்தகங்கள் அமெரிக்காவில் நிறைய உண்டு. எந்தப் பதிப்பு கையில் கிடைத்தாலும் நான் முதலில் கடைசிப் பக்கங்களைத்தான் புரட்டுவேன். கேசி அவுட்டானதை ஓவியர் எந்த இடத்தில் காட்டிக்கொடுக்கிறார் என்று பார்க்க வேண்டும் எனக்கு.

கவிதை தெரியாதவர்களுக்காக: எர்னஸ்ட் லாரன்ஸ் தேயர் எழுதியது. 1888 ஜூன் 3 அன்று சான் பிரான்சிஸ்கோ எக்ஸாமினர் நாளிதழில் ‘ஃபின்’ என்ற புனைபெயரில் வந்தது. மட்வில் அணி 4-2 என்று பின்தங்கியிருக்கிறது. கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவர் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. யாருமே நம்பாத ஃபிளினும் பிளேக்கும் எப்படியோ அடித்துவிட்டு பேஸில், அதாவது ரன்னுக்காக ஓடும் பாதையின் நிறுத்தங்களில், நிற்கிறார்கள். இப்போது ஊரே எதிர்பார்த்த கேசி வருகிறான். பத்தாயிரம் கண்கள் பார்க்க, கையில் மண்ணைத் தேய்த்துக்கொள்கிறான். ஐயாயிரம் பேர் ஆர்ப்பரிக்க, கையைச் சட்டையில் துடைத்துக்கொள்கிறான். முதல் பந்து தன் ஸ்டைல் இல்லை என்று விட்டுவிடுகிறான். ஸ்ட்ரைக். இரண்டாவதையும் விடுகிறான். மறுபடி ஸ்ட்ரைக். கிரிக்கெட்டில் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விட்டால் நஷ்டமில்லை. பேஸ்பாலில் சரியான உயரத்தில், அடிப்பவன் அருகே தரையில் பதித்த தட்டுக்கு மேலே வந்த பந்தைத் தொடாமல் விட்டாலும் ஸ்ட்ரைக் என்று கணக்கில் ஏறும். மூன்று ஏறினால் அவுட்.

பன்னிரண்டாம் பத்தியில் கேசி பேட்டைச் சுழற்றுகிறான், காற்றே அதிர்கிறது. பந்து பட்டதா? தேயர் சொல்வதில்லை. பதின்மூன்றாம் பத்தி வேறெங்கோ போய்விடுகிறது. எங்கோ வெயில் அடிக்கிறது, எங்கோ பேண்டு வாசிக்கிறார்கள், ஆண்கள் சிரிக்கிறார்கள், குழந்தைகள் கத்தி விளையாடுகிறார்கள். 52 வரிக் கவிதையில் 52ஆவது வரியின் கடைசிச் சொற்களில்தான் கேசி அவுட் என்று தெரிகிறது.

ஓவியருக்கு இதுதான் சோதனை. வாசிப்பது பெரியவர், மடியில் இருக்கும் பிள்ளை பார்ப்பது படத்தை. கடைசிப் பத்தியைப் புரட்டியதும் தலைகுனிந்த கேசி பக்கம் முழுக்க நின்றால், காது கேட்பதற்கு முன்னால் கண் கண்டுபிடித்துவிடும். அந்த நான்கு வரி வீணாகிவிடும். என்னைக் கேட்டால் அந்தப் பக்கத்தில் வரைய வேண்டியது வெயிலையும் பேண்டையும் விளையாடும் பிள்ளைகளையும்தான். கேசி ஓரத்தில் சின்னதாக இருந்தால் போதும்.

பதிப்புகளில் நான் முதலில் சொல்வது கிறிஸ்டோஃபர் பிங்கின் புத்தகம். 2000இல் வந்தது, அடுத்த ஆண்டே குழந்தைகளுக்கான படப் புத்தகங்களுக்கு அமெரிக்காவில் தரும் கால்டெகாட் ஹானர் பெற்றது. பழைய செய்தித்தாள் துண்டுகளையும் டிக்கெட்டுகளையும் ஒரு நோட்டில் ஒட்டிவைத்த மாதிரி வடிவம், அந்தக் காலத்து அச்சுப் படம் போன்ற கோடுகள். செய்தித்தாளில் பிறந்த கவிதை செய்தித்தாளாகவே வருவது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஜோ மோர்ஸ் (2006) ஆட்டத்தை இன்றைய நகரத் தெருக்களுக்கும் பல இனத்து இளைஞர்களிடமும் கொண்டுபோனார். பட்ரீஷியா பொலாக்கோ சிறுவர் லீக் ஆட்டமாக்கினார். பழமை கெட்டுவிட்டது என்று இதற்கெல்லாம் சிலர் வருத்தப்படலாம். நான் வருத்தப்பட மாட்டேன். உடை மாறட்டும், ஊர் மாறட்டும், முடிவு மாறாமல் இருக்கிறதே, அது போதும்.

முடிவை மாற்றியவர்களும் உண்டு. விளையாட்டு எழுத்தாளர் கிராண்ட்லேண்ட் ரைஸ் 1907இலேயே கேசி பழிதீர்க்கும் கவிதை எழுதி ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்சர் மாதிரி) அடிக்க வைத்துவிட்டார். பெரியவர்கள் படித்துவிட்டுப் போகட்டும். ஆனால் முதல் கவிதையை மூடிய கையோடு ஆறுதலுக்காக அதைப் பிள்ளையிடம் நீட்டாதீர்கள்.

இன்னொன்று. ‘பார்த்தாயா, திமிர் பிடித்தால் இப்படித்தான்’ என்று பாடம் நடத்தாதீர்கள். முதல் இரண்டு பந்துக்கு அது சரி. மூன்றாவதுக்கு முன்னால் அவன் உதட்டிலிருந்த ஏளனம் போய்விட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறான் என்று தேயரே எழுதியிருக்கிறார். முழு மனசோடு அடித்துத்தான் தோற்றான். பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கதைகளில் மனசார முயன்றவர் எல்லாம் ஜெயித்துவிடுகிறார்கள். பள்ளி விளையாட்டு விழாவிலேயே அது பொய் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

டிவோல்ஃப் ஹாப்பர் என்ற நடிகர் 1888 ஆகஸ்டில் நியூயார்க் மேடையில் சொல்ல ஆரம்பித்து, பல பத்தாண்டுகள் சொல்லிச் சொல்லித்தான் இந்தக் கவிதை நாடெங்கும் பரவியது. ஆகவே சத்தமாக வாசியுங்கள். பன்னிரண்டாம் பத்தி முடிந்ததும் பக்கத்தைப் புரட்டாமல் கொஞ்சம் நிறுத்துங்கள். அடித்தானா என்று பிள்ளை கேட்கட்டும், அப்புறம் புரட்டுங்கள்.