ஆலிஸ் கோல்ட்ரேனின் 'சச்சிதானந்தா' அரவிந்தர் அல்ல

அண்ணே, 2024ல வந்த, அமெரிக்க ஜாஸ் ஹார்ப் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேனோட கார்னகி ஹால் ஆல்பத்தை "புதுசா வாசிச்சது, நம்ம பாண்டி அரவிந்தருக்குக் காணிக்கை"ன்னு உங்க பதிவுல எழுதியிருக்கீங்க. ரெண்டுமே சரியில்லை.

அது 1971 பிப்ரவரி 21ஆம் தேதி நியூயார்க் கார்னகி ஹால் அரங்கத்துல நடந்த கச்சேரியோட ஒலிப்பதிவு. ஐம்பது வருஷத்துக்கு மேல கழிச்சுத்தான் முழுசா வெளியாகியிருக்கு. ஆலிஸ் அம்மா 2007லயே காலமாயிட்டாங்க.

அதுல முதல் உருப்படியோட பேர்ல வர்ற சச்சிதானந்தா, கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்துல பிறந்த சுவாமி சச்சிதானந்தா. 1969ல அமெரிக்காவுல நடந்த உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கி வச்சுப் பேசினவர், ஆலிஸுக்கு குரு. கச்சேரியே அவரோட இன்டக்ரல் யோகா நிறுவனத்துக்கு நிதி திரட்ட நடந்ததுதான். குழப்பம் இங்கதான் வந்திருக்கும்னு நினைக்கிறேன்: அரவிந்தரும் தன்னோட யோகத்துக்கு 'இன்டக்ரல் யோகா'ங்கிற அதே பேரைத்தான் வச்சிருந்தார். அரவிந்தர் 1950லயே மறைஞ்சுட்டார். ஆசிரமத்துக்கு ரெண்டு தெரு தள்ளி வளர்ந்தவன் நான், எனக்கும் அந்த இணைப்பு இருந்தா சந்தோஷமாத்தான் இருந்திருக்கும்.

ஆனா ஒரு தமிழரோட பேர் அந்த இசைக்குள்ள இருக்குங்கிறது உண்மை, அதைச் சொல்லுங்க. தம்புரா சுருதி மேல ஆலிஸோட ஹார்ப் ஏறி வர்ற இடத்தை ஹெட்போன்ல கேளுங்க. ரெண்டு பாஸ், ரெண்டு டிரம்ஸ், ஃபரோவா சாண்டர்ஸ், ஆர்ச்சி ஷெப்னு ரெண்டு சாக்ஸபோன். "ஆப்ரிக்கா" உருப்படியில அத்தனையும் சேர்ந்து பொங்கும். உங்க பதிவை மட்டும் திருத்திடுங்கண்ணே, நிறைய பேர் பகிர்ந்துட்டாங்க.